மிசின் அவன் கையில் இருந்தபோது

தாராவியில் நான் வேலை பார்த்த கார்கானா, அதாவது மரப்பட்டறை, தோல் பதனிடும் தொட்டிகளுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. கதவைச் சாத்தினால் தேக்கு வாசனை. திறந்தால் தோல் வாசனை. நாங்கள் செய்தது அலங்கார வேலை. கட்டில் தலைப்பலகை, கண்ணாடிச் சட்டம், பூஜை மாடம், ஊஞ்சல் பலகை. மரத்தில் பூவும் கொடியும் பள்ளமாக வெட்டி, அந்தப் பள்ளத்தில் பித்தளை பதிப்போம். மாட்டுங்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஆர்டர் கொடுப்பார்கள். தாதரிலிருந்து மராட்டிக்காரர்களும் வருவார்கள்.

முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். அண்ணனை அவர்கள் கூப்பிடுகிற மாதிரி எல்லோரும் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். ஆனால் யார் என்ன சொன்னாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்வார். அதுதான் எனக்கு வினையாகப் போனது.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் எனக்குப் பிறகு வந்தவன். என்னைவிட இளையவன். அவன் வாப்பா தொட்டியில் தோல் சீவுகிறவர். அவனும் அங்கே இருந்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தான். வந்த புதிதில் உளியைச் செருப்புத் தைக்கும் கத்தி மாதிரிப் பிடிப்பான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. தானாகவே சரியாகிவிட்டான். அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வருஷம் காக்கா ஒரு சாக்கில் சுற்றி ஒரு மிசின் கொண்டுவந்தார். துறைமுகத்தில் யாரோ விற்றது. ஜெர்மன் சாமான். ரூட்டர் என்றார். அடியில் ஒரு தட்டு, அதில் நிற்கும் இரண்டு கம்பிகளின் மேல் ஒரு மோட்டார். கம்பிக்குள் ஸ்பிரிங். இரண்டு பக்கமும் பிடி. பிடித்து அழுத்தினால் மோட்டார் கீழே இறங்கும். விட்டால் தானே மேலே ஏறும். மோட்டாரின் நுனியில் சுழலும் கத்தி ஒன்று. பிட் என்போம். மரத்துக்குள் இறங்கிப் பள்ளம் வெட்டும்.

காக்கா முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"என்னவே, ஓட்டிப் பாக்கேரா?"

எனக்கு ஆசைதான். ஆனால் எல்லோரும் நிற்கிறார்கள். தெரியாத மிசின். கோணலாக வெட்டினால் சிரிப்பார்கள். அதனால் சொன்னேன்.

"இது எதுக்கு காக்கா? கை இருக்கு, உளி இருக்கு."

"அதுவும் சரிதான்" என்றார். உடனே அவன் பக்கம் திரும்பினார். "ஏலே, நீ பாரு."

அவ்வளவுதான். மிசின் போய்விட்டது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து காக்கா இன்னொன்றும் சொன்னார். செம்பூரில் ஒரு ஷெட் பேசியிருக்கிறார். அங்கே இன்னொரு கார்கானா. கூடவே மேஸ்திரிக்கு ஒரு அறை. அறைக்குள்ளேயே குழாய்.

"மிசினை எவன் நல்லா ஓட்டுதானோ அவனுக்குத்தான் செம்பூர்."

நாங்கள் இருந்தது ஒரே அறை. மண் தரை. தெருக்குழாயில் என் மனைவி விடியுமுன்னே குடத்தோடு போய் நிற்பாள். செம்பூர் என்றதும் எனக்கு அந்தக் குழாய்தான் கண்ணில் நின்றது. வேறு ஒன்றும் காதில் விழவில்லை.

மிசின் ஓடும்போது எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அவனைச் சுற்றி நிற்பார்கள். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வான். தூள் பறக்கும். முடித்ததும் கைக்குட்டையை இறக்கிச் சிரிப்பான். முகத்தில் பாதி மரத்தூள், பாதி கறுப்பு. பாலிஷ் போடும் கிழவர் ஒருவர் இருந்தார். பம்பாய்க்கு வந்து தமிழும் ஹிந்தியும் கலந்துபோன ஆள். அவர் கைதட்டுவார்.

"அரே வா! கியா பாத் ஹை லே! பட்டர் மாதிரில்லா வெட்டுதான்!"

டீ வந்தால் முதல் கிளாஸ் அவனுக்குப் போகும். முன்பு எனக்கு வரும். நான் பித்தளை பதிக்கிறவன். என் வேலை கடைசியில் வருவது. அவன் வெட்டிக் கொடுத்த பள்ளத்தில் நான் பித்தளையை வைத்துத் தட்ட வேண்டும். அதாவது அவன் வேலையை நான் அலங்கரிக்க வேண்டும்.

வீட்டில் போய்ச் சொல்வேன். அவன் இன்றைக்கு இப்படி வெட்டினான், அப்படி நின்றான், காக்கா அவன் தோளில் கை போட்டார். ஒருநாள் என் மனைவி சோற்றை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"தெனமும் அவுகளப் பத்தியேதான் பேசுதிய. ஒரு தட்டு கூட வைக்கட்டா?"

என் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. என் பெஞ்சிலிருந்து அவன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மிசினில் வேகம் பெரிய காரியமில்லை. ஆழம்தான் காரியம். மோட்டாரின் பக்கத்தில் ஒரு மெல்லிய கம்பி உண்டு. மோட்டார் இறங்கும்போது அதுவும் இறங்கும். கீழ்த்தட்டில் முட்டினதும் நிற்கும். அதற்குமேல் எவ்வளவு அழுத்தினாலும் போகாது. முதலில் பிட்டின் நுனி மரத்தைத் தொட்டு நிற்க வேண்டும். அப்போது அந்தக் கம்பிக்கும் தட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடுகிறோமோ, அவ்வளவு ஆழம் வெட்டும். இடைவெளியில் ஒரு துண்டு வைத்து, கம்பியை அதன்மேல் உட்கார விட்டு, திருகை முறுக்கி, துண்டை உருவி எடுத்துவிட வேண்டும். துண்டு எவ்வளவு தடிமனோ அவ்வளவு பள்ளம்.

அவன் வைத்த துண்டு தோல்.

தொட்டியிலிருந்து கொண்டுவந்த செருப்பு அடித்தோல். கட்டை மாதிரி இருக்கும். இலை நரம்புக்கு ஒரு துண்டு, கொடிக்கு ஒரு துண்டு, பித்தளை பதிக்கும் பள்ளத்துக்கு ஒரு துண்டு. தடிமன் பார்த்துச் சீவி, ஓட்டை போட்டு, ஒரே நூலில் கோத்துச் சுவரில் ஆணியில் தொங்கவிடுவான். இரும்பு வைத்தால் கம்பி வழுக்கும், தோல் பிடித்து நிறுத்தும் என்பான். அவன் பிறந்ததிலிருந்து தோலைத் தொட்டவன். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தே தடிமன் சொல்வான். காக்கா மெச்சுவார். எனக்கு அதுவும் தாங்காது. ஒரு செருப்புத் தோலுக்கா இவ்வளவு பேச்சு என்று நினைப்பேன்.

ஆனாலும் பொய் சொல்லக்கூடாது. அவன் வெட்டின பள்ளம் சரியாக இருந்தது. பித்தளை பதிக்கும் பள்ளம் பித்தளையைவிட ஒரு மயிரிழை குறைவாக இருக்க வேண்டும். பித்தளை மேலே கொஞ்சம் நிற்கும். அதை அரத்தால் ராவி மரத்தோடு சமமாக்குவோம். மேலே நின்றால் ராவலாம். உள்ளே போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பலகை முழுவதையும் இழைத்துத்தான் இறக்க வேண்டும். அவன் பள்ளத்தில் என் பித்தளை எப்போதும் அந்த ஒரு மயிரிழை நின்றது. நான் எவ்வளவோ தேடினேன். குறை கிடைக்கவில்லை.

வெயில் காலத்தின் கடைசியில் மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி வந்தார். மகளுக்குக் கல்யாணம். ஊஞ்சல் பலகை வேண்டும். நல்ல தேக்கு, நாலு ஓரமும் பித்தளைக் கொடி.

"நன்னா வழவழன்னு இருக்கணும். பொண்ணு பட்டுப்புடவையோட உக்காருவா. எங்கயாவது மாட்டித்துன்னா அபசகுனம்னு பேசுவா."

காக்கா நெஞ்சில் கை வைத்தார். "மாமி, நம்ம பொறுப்பு."

மாமி போனதும் எங்களைப் பார்த்துச் சொன்னார். "இந்தப் பலகை முடிஞ்சா செம்பூரு." அவர் கண் அவன் மேல் இருந்தது.

அவன் நீள ஓரம் ஒன்றை வெட்டினான். நான் பித்தளை பதித்தேன். ராவினேன். நன்றாகவே வந்தது. அதற்குள் பிட் மழுங்கிவிட்டது. கழற்றிச் சாணை பிடிக்கக் கொடுத்தான். அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. பம்பாய் மழை தெரியும்தானே. சந்தில் முழங்கால் தண்ணீர். தகரக் கூரை ஒழுகியது. சுவர் முழுவதும் ஈரம். கரண்ட் போனது, வந்தது, போனது. நாங்கள் பலகையைத் தார்ப்பாயில் மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

கரண்ட் ஒழுங்காக வந்ததும் அவன் சாணை பிடித்து வந்த பிட்டை மாட்டினான். ஆணியிலிருந்து தோலை எடுத்தான். எப்போதும் போல ஆழம் வைத்தான். இரண்டாவது நீள ஓரத்தை வெட்டி முடித்தான்.

நான் பித்தளையை வைத்துத் தட்டினேன். தட்டும்போதே சத்தம் வேறு மாதிரி இருந்தது. கடைசி அடி விழுந்ததும் நகத்தை வைத்து ஓரத்தில் இழுத்துப் பார்த்தேன். நகம் மேலே ஏற வேண்டும். ஏறவில்லை. உள்ளே விழுந்தது.

வேறு இடத்தில் பார்த்தேன். அங்கும் விழுந்தது. ஓரம் முழுவதும் அப்படித்தான்.

அப்போது எனக்கு என்ன இருந்தது என்று கேட்டால், பசித்தவனுக்குச் சோறு போட்ட மாதிரி இருந்தது. அரத்தைக் கீழே வைத்தேன். குரலை உயர்த்தினேன்.

"காக்கா, இங்க வாங்க. எல்லாரும் வாங்க. பித்தளை உள்ள போயிட்டு."

எல்லோரும் வந்தார்கள். காக்கா விரலால் தடவினார். முகம் கறுத்தது.

"என்னலே இது?"

அவன் கம்பியைப் பார்த்தான். திருகு இறுக்கமாக இருந்தது. தோலை எடுத்து இடைவெளியில் வைத்தான். பொருந்தியது. "எல்லாம் சரியாத்தானே இருக்கு காக்கா" என்றான். நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. தோலை வாங்கினேன். நகத்தால் அழுத்தினேன். நகத்தின் தடம் அப்படியே பதிந்து நின்றது. பழைய பித்தளைத் துண்டின் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். முன்பு அதைவிட ஒரு மயிரிழை குறைந்திருந்த தோல், இப்போது அதைவிடத் தடித்திருந்தது.

"மழையில ஒம் தோலு ஊதிப்போச்சுலே. சொவரு ஈரம் பூரா குடிச்சிருக்கு."

பாலிஷ் கிழவர் பல்லைக் காட்டினார். "தொட்டியில பொறந்தவன். தோலு தண்ணி குடிக்கும்னு மாலூம் நை, தெரியல!"

அவன் தலை குனிவான் என்று பார்த்தேன். அவன் தோலை வாங்கி மூக்கில் வைத்து மோந்து பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான்.

"எங்க வாப்பா கேட்டா என்னைய உரிச்சு ஊற வைப்பாக! அண்ணாச்சி, நீங்க இல்லன்னா மத்த ஓரமும் போயிருக்கும்."

என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நான் அவனைக் கவிழ்த்திருக்கிறேன். அவன் எனக்கு நன்றி சொல்கிறான். அன்றைக்கு நான் ஜெயித்த சந்தோஷம் அத்தோடு பாதியாகிவிட்டது.

காக்கா அந்த ஓரத்தை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு மிசினைத் தூக்கி என் பெஞ்சில் வைத்தார்.

"நீரு ஓட்டும்வே. அன்னைக்கு வேண்டாம்னு சொன்னேரு, பரவால்ல. குட்டை ஓரம் ரெண்டையும் நீரே வெட்டும். ஏலே, உள்ள போன பித்தளையை நீதான் சரி பண்ணணும்."

அவன் உடனே சொன்னான். "பித்தளையக் கழத்திட்டு, அடியில மெல்லிசாத் தோலு சீவி வச்சிருதேன் காக்கா."

காக்கா தலையில் கை வைத்தார். "கல்யாண ஊஞ்சல்லயா? மாட்டுத் தோலையா? மாமிக்குத் தெரிஞ்சா என்னைய ஊஞ்சல்ல கட்டித் தொங்க விட்டுருவாகலே!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நான் தோல் வைக்கவில்லை. பதிக்கப் போகிற அதே பித்தளைத் தகட்டில் ஒரு துண்டு நறுக்கினேன். கல்லில் தேய்த்து ஒரு மயிரிழை குறைத்தேன். அதைக் கம்பிக்கு அடியில் வைத்து ஆழம் பிடித்தேன். மழை வந்தாலும் வெயில் வந்தாலும் பித்தளை மாறாது. முதலில் ஒரு கழிவுக் கட்டையில் வெட்டிப் பார்த்தேன். பிறகு பலகையில் வைத்தேன். பிடியை அழுத்தினேன். பிட் மரத்துக்குள் இறங்கியது. கம்பி தட்டில் முட்டி நின்றது. இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தது வீண் போகவில்லை. இரண்டு குட்டை ஓரமும் அளவு பிசகாமல் வந்தன.

நிமிர்ந்து பார்த்தேன். யாரும் சுற்றி நிற்கவில்லை. எல்லோரும் பலகையின் மறுபக்கம், அவன் திருத்துகிற நீள ஓரத்தில் இருந்தார்கள்.

அங்கே அவன் பித்தளைக்குச் சூடு காட்டி, அடியில் ஒட்டியிருந்த அரக்கை இளக்கி, கொடியை உடையாமல் உரித்து எடுத்துக்கொண்டிருந்தான். அதே தேக்கில் இழைப்புளியால் ஒரு சுருள் எடுத்தான். வெங்காயத் தோல் மாதிரி. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விரல் தெரியும். தோல் சீவின கை அல்லவா. அந்தச் சுருளைப் பள்ளத்தில் விரித்து, இலைக்கு இலை கத்தியால் நறுக்கி, அதன்மேல் பித்தளையை வைத்துத் தட்டினான். பித்தளை ஒரு மயிரிழை மேலே நின்றது. ராவினான். மரமும் பித்தளையும் ஒரே தாளில் அச்சடித்த மாதிரி ஆகிவிட்டன.

மிசின் சத்தத்தில் அவர்கள் என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

மாமி பலகையைப் பார்க்க வந்தார். புடவைத் தலைப்பைக் கையில் எடுத்து நாலு ஓரமும் மெல்ல இழுத்துப் பார்த்தார். எங்கேயும் மாட்டவில்லை. நான் வெட்டின குட்டை ஓரங்களை அப்படியே தாண்டிப் போனார். அவன் திருத்தின நீள ஓரத்தில் வந்து நின்றார். குனிந்து ஒரு இலையைத் தடவினார்.

"இந்தப் பக்கம் மட்டும் உயிரோட இருக்காப்ல இருக்கே. யார் பண்ணினது?"

காக்கா அவனைக் காட்டினார். அவன் என்னைக் காட்டினான். "அண்ணாச்சிதான் மாமி தப்பைக் கண்டுபுடிச்சது."

"என்ன தப்பு?" என்றார் மாமி.

காக்கா அவசரமாக டீ வாங்கிவரச் சொன்னார்.

பலகை போய்ச் சேர்ந்தது. மிசின் என்னிடம் இருந்தது. நான் செம்பூருக்காகக் காத்திருந்தேன். என் மனைவியிடம்கூட ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தேன். அவள் அதை நம்பின மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் பழைய குடத்துக்கு ஈயம் பூசக் கொடுக்காமல் நிறுத்தி வைத்தாள். போகிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று.

காக்கா ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டார். ஷெட் தயார். ஆனால் கரண்ட் கனெக்‌ஷன் வரவில்லை. எப்போது வரும் என்று தெரியாது. அதுவரை கை வேலைதான்.

"அதனால இவன் போகட்டும்" என்றார். அவனைச் சொன்னார்.

நான் நின்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மிசினை ஓட்டுதவனுக்குன்னுல்லா சொன்னிய காக்கா?"

"சொன்னேன்வே. ஆனா மிசின் இங்ஙன இருக்கு. அதை விட்டுட்டு நீரு எங்ஙன போவேரு? கரண்டு இல்லாத எடத்துல உம்மள வச்சு நான் என்ன செய்ய?"

அவர் ஏமாற்றவில்லை. அவருக்கு அது சரியாகத்தான் பட்டது. முன்பு மிசின் வேண்டாம் என்றேன், போய்விட்டது. இப்போது குரலை உயர்த்தி மிசினை வாங்கிக்கொண்டேன், செம்பூர் போய்விட்டது. இரண்டையும் என் வாயால்தான் செய்தேன் என்று நினைத்தபோது ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தையும் அவன் மேலேயே போட்டேன்.

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். வாப்பாவும் உம்மாவும் கூடப் போனார்கள். பாலிஷ் கிழவர் வேலை விஷயமாக அங்கே போய்வருவார். வந்து சொல்வார். காற்று வருதாம். தரை சிமெண்ட்டாம். அவன் உம்மா உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் பிடிக்கிறாளாம்.

"நீங்க வேலையப் பாருங்க" என்பேன்.

பெருநாளுக்கு அவன் வந்தான். ஒரு தூக்கில் பிரியாணி கொண்டுவந்து எங்கள் வீட்டில் கொடுத்தான். என் மனைவியை மதினி என்று கூப்பிட்டு, சௌக்கியம் கேட்டுவிட்டுப் போனான். நல்ல ருசி. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த மழைக்கு முன்னால் செம்பூருக்குக் கரண்ட் வந்தது. பெரிய வேலையெல்லாம் இனி அங்கே என்றார் காக்கா. மிசினும் அங்கே போக வேண்டும்.

"நீரும் போறேரா? இல்ல இங்ஙனயே உளி வேலை பாக்கேரா? உம்ம இஷ்டம்வே."

அங்கே போனால் அவனுக்குக் கீழே. இங்கே இருந்தால் மிசின் இல்லை. ராத்திரி முழுக்க யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். நின்ற இடத்திலேயே போகிறேன் என்றேன். மிசினை அதே சாக்கில் சுற்றினேன். தோளில் வைத்துக்கொண்டு சயானில் ரயில் ஏறினேன். குர்லாவில் மாறினேன். கூட்டத்தில் யாரையும் அதன்மேல் சாயவிடவில்லை.

அவன் வாசலிலேயே நின்றான். சாக்கை வாங்க வந்தான். நான் கொடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் காற்றும் வெளிச்சமும் வரும் இடத்தில் எனக்குப் பெஞ்ச் போட்டு வைத்திருந்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டான்.

"இங்க வாங்கப்பா. ஆழம் வைக்கிறது எப்படின்னு அண்ணாச்சி செய்யும்போது பாத்துக்கிடுங்க. எனக்கு அது அவ்வளவாக் கைவராது."

நான் பிட்டை மரத்தில் தொட வைத்தேன். பித்தளைத் துண்டைக் கம்பிக்கு அடியில் வைத்தேன். திருகை முறுக்கினேன். ஓட்டினேன். தூள் பறந்தது. எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவனும் அவர்களுக்கு நடுவில் நின்று பார்த்தான்.

நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். நான் அத்தனை மாதம் அவனைப் பார்த்த மாதிரி அவன் என்னைப் பார்க்கிறானா என்று தேடினேன். ஒரு ஓரத்திலாவது இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. சந்தோஷமாகத்தான் நின்றுகொண்டிருந்தான்.

அடுத்த பலகையை எடுத்துப் பெஞ்சில் போட்டேன்.